நேற்றுப் பிடித்த தண்ணீர்

இன்று காலை பாயசத்துக்காக ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். விதையை எடுத்துக்கொண்டு தோலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். என் மகள் செல்வி வந்தவள், இடத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்தத் தோலை அப்படியே வாரிக் குப்பைக் கூடைக்குக் கொண்டு போனாள். "ஏய், அதைப் போடாதே" என்று நான் போட்ட சத்தத்தில் பயந்தே போனாள். "என்னம்மா, தங்கமா அது?" என்று என் உள்ளங்கையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். முகர்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு பாயசம் வைக்க ஓடவில்லை. உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

நீ இல்லை. எழுதினால் படிக்க ஆளில்லை என்று தெரியும். ஆனால் நீ இருந்தபோது மட்டும் நான் எழுதியதை ஒழுங்காகப் படித்தாயா என்ன? "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அம்புட்டுத்தானடி? அதுக்கு எதுக்கு நாலு பக்கம்?" என்று அடுத்த முறை பார்க்கும்போது என்னையே கேட்பாய். இந்தத் தடவை உன்னால் பாதியில் மடித்து வைக்க முடியாது.

போடியில் நாம் டைப்பிஸ்டுகளாக வேலை பார்த்த கட்டடத்தை நீ ஒருநாளும் ஆபீஸ் என்று சொன்னதில்லை. 'சத்திரம்' என்பாய். ஒரே சுற்றுச்சுவருக்குள் அரசாங்கத்தின் மூன்று அலுவலகங்கள், பின்னால் ஒரு கிணறு, கிணற்றடியில் நின்றால் மேற்கே மலை முழுவதும் கண்ணுக்கு நேரே. மலையிலிருந்து சான்றிதழுக்கும் மனுவுக்கும் வருகிற எஸ்டேட்டு ஆட்கள் காலையிலேயே வந்து வாசலில் குத்தவைத்திருப்பார்கள். நீ மட்டும் எப்போதும் தாமதமாக வருவாய். சிலமலை பஸ்சைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே நுழைவாய். அதிகாரி கேட்டால் டயர் பஞ்சர், ரோட்டில் மாடு, கண்டக்டருக்கு நெஞ்சுவலி என்று தினம் ஒன்று சொல்வாய். அந்தக் கண்டக்டர் உன்னால் எத்தனை முறை சாகப் பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது.

அது எழுபதுகளின் கடைசி. ஐப்பசி மழை நம்மை ஏமாற்றிய வருடம். தை மாதமே கொட்டகுடி ஆறு வெறும் மணலாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வருவது விசேஷ நாள் மாதிரி ஆகிவிட்டது. மேலே ஏலச்செடி தூரோடு காய்ந்தது. என் வீட்டுக்காரர் கணக்குப்பிள்ளையாக இருந்த எஸ்டேட்டில் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அவரை மட்டும் "இரு, பார்ப்போம்" என்று வைத்திருந்தார்கள். சம்பளத்துக்கும் அதே பதில்தான். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்.

செல்வி அப்போது பால்குடி. புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாலாடையில் புகட்டினால் துப்புவாள். ஆபீசுக்குப் பின்தெருவில் வீடு என்பதால்தான் நான் வேலையில் இருக்க முடிந்தது. மத்தியானம் மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவேன். நான் வரும்வரை என் மேசைமேல் கிடக்கும் தாள்களையும் உன் மிஷினில் ஏற்றி அடித்து வைப்பாய். நிறையத் தப்பு இருக்கும். ஆனாலும் அடித்து வைப்பாய்.

மாசி கடைசியில் அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், காவிரியைப் பார்த்து வளர்ந்தவர். நம் கிணற்றை எட்டிப் பார்க்கவே அவருக்குப் பயம். மதுரையிலிருந்து உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். கிணறு கைவிட்டால் கட்டடத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் கம்பத்துக்குப் போக வேண்டும், அங்கே பெரியாற்றுத் தண்ணீர் இருக்கிறது, இடமும் இருக்கிறது என்றார். கோடைக்கு மட்டும்தானா என்று யாரோ கேட்டார்கள். "போன ஆபீஸ் திரும்பி வந்ததா நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றார்.

கம்பத்துக்கு அப்போது எத்தனை பஸ் மாற வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது உனக்கும் தெரியும். விடியலில் கிளம்பினால் இருட்டித்தான் வீடு வரலாம். என் மாமியார் விஷயத்தைக் கேட்டதும், "நல்லதாப் போச்சு ஆத்தா, வேலைய விட்டுட்டுப் பிள்ளையப் பாரு" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் வேலையை விட்டால் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நான் எதைச் சாப்பிடுவது என்று அவர் யோசிக்கவில்லை. மறுநாள் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். நீ என் கண்ணைத் துடைக்கவில்லை. என் மிஷினிலிருந்த தாளைத்தான் வெடுக்கென்று உருவினாய்.

"தாள் நனையுதுடி. அழணும்னா கிணத்துக்குள்ள போய் அழு, ரெண்டு குடமாவது ஊறும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "இந்தச் சத்திரம் எங்கயும் போகாது. நீ வெரசாப் போயி பிள்ளைக்குப் பாலக் குடுத்துட்டு வா."

எதை வைத்து அப்படிச் சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது உன் கையில் எந்த உபாயமும் இல்லை.

தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் என்று அதிகாரி ஒரு சுற்றறிக்கை விட்டார். அதை அடித்தது நான்தான். அதற்கு அடுத்த வாரமே கிணறு முன்னைவிட வேகமாக இறங்கியது. அதிகாரிக்குத் தலை சுற்றியது. தண்ணீர் திருட்டுப் போகிறது என்று முடிவு கட்டி, கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டுப் போட்டார். சாவியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். தண்ணீர் இறைக்கும் மாயக்கா விடியுமுன் அங்கே போய் அதையும் ஆபீஸ் பின்கதவுச் சாவியையும் வாங்கி, இறைத்து ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படியும் இறங்கியது. மாயக்கா டீக்கடைக்கு விற்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவள் அதைக் கேட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த நேரத்தில்தான் உன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக நீ ஆபீசுக்குச் சீக்கிரம் வந்தாய். சிலமலை பஸ் உண்மையிலேயே படுத்துவிட்டது. அதை நம்பினால் மத்தியானம்தான் வர முடியும் என்று, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே போடியில் வந்து இறங்கிவிட்டாய். முன்கதவு பூட்டிய கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போயிருக்கிறாய். காலையில் நான் வந்தபோது நீ படியில் உட்கார்ந்திருந்தாய், பேயறைந்த மாதிரி. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து மண்ணைக் காட்டினாய். வாழை நடலாம் போலச் சேறாக இருந்தது.

"கள்ளனப் பிடிச்சிட்டேன்டி" என்றாய். "யாரு?" என்றேன். "நீ, நானு, அதிகாரி, எல்லாருந்தான்."

விஷயம் இதுதான். தட்டுப்பாடு என்று கேட்டதும் ஒவ்வொரு பிரிவும் முன்ஜாக்கிரதையாகப் பாத்திரம் சேர்த்தது. முன்பு ஒரு பானை இருந்த இடத்தில் பானையும் டிரம்மும் வாளியும் வந்தன. யார் கையும் தாராளமாகச் செலவழிக்கவில்லை. எல்லோரும் சிக்கனமாகத்தான் இருந்தார்கள். அதனாலேயே சாயங்காலம் எல்லாப் பாத்திரத்திலும் பாதிக்கு மேல் மிஞ்சியது. மறுநாள் காலையில் மாயக்கா வந்து, நம் ஊரில் எந்த வீட்டிலும் செய்கிறபடி, பழைய தண்ணீரைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்தாள். கொட்டாமல் விட்டால் அவளைத்தான் திட்டுவார்கள். சேமிக்கச் சேமிக்கக் கொட்டுவது கூடியது. வாரக் கணக்காக இது நம் மூக்குக்குக் கீழே நடந்திருக்கிறது. விடியற்காலையில் நடந்ததால் ஒரு குமாஸ்தாவும் பார்க்கவில்லை.

"நேத்துத் தண்ணிய எப்படிடி குடிக்கிறது?" என்று நான் கேட்டேன். நானும் என் வீட்டில் தினம் கொட்டுகிறவள்தானே.

"ஏன், ராத்திரி பூராத் தூங்காம அதுக்கு உடம்பு கெட்டுப்போச்சா?" என்றாய்.

தலைமை எழுத்தரிடம் போய்ச் சொன்னாய். அவர் நல்ல மனிதர், ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். "பழந்தண்ணி சளி பிடிக்கும்மா. வெளியாளு வந்து போற எடம், ராத்திரி பல்லி விழுந்திருக்கும், பூச்சி விழுந்திருக்கும். அதெல்லாம் ஆகாது" என்று முடித்துவிட்டார். பானைக்கு மூடி இருக்கிறதே என்றாய். "மூடிய யாரு தொட்டாகளோ" என்றார். அந்த வார்த்தையில்தான் அடுத்த விஷயம் இருந்தது. பிரிவுக்கொரு பானை ஏன், அதிகாரிக்குத் தனி ஏன், தலைமை எழுத்தருக்குத் தனிக் கூஜா ஏன், வாசலில் குத்தவைத்திருக்கும் மலைக்காரர்களுக்கு ஏன் கிணற்றடியில் கையில்தான் ஊற்றுவது. இதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லாப் பானையையும் நிரப்பும் மாயக்கா ஒருநாளும் அவற்றில் ஒன்றிலிருந்தும் குடித்ததில்லை.

நீ இன்னொரு முறை வாதாடப் போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். நீ மறுநாள் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் உன் அத்தையிடமிருந்து வாங்கிய ஏலத்தோல், போன வருடத்துச் சரக்கு. அதில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து, அதிகாரியின் பானையில் சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் போட்டாய். காலையில் மாயக்காவைக் கொட்ட விடாமல் பானைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். அதற்காகவே இன்னொரு நாள் ஜீப்பில் வந்தாய். உன்னைச் சீக்கிரம் வரவைத்தது அதிகாரியின் மெமோ இல்லை, ஒரு பானை.

அதிகாரி ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"என்னம்மா இது, வாசமா இருக்கு? குளுகுளுன்னு?"

"ஏலத்தண்ணிங்கய்யா. எஸ்டேட்டு மொதலாளிமாரு குடிக்கிறது. வெயிலுக்கு இதுதான் மருந்து. ஆனா ராத்திரி முழுக்க ஊறணும். அன்னன்னைக்குப் பிடிக்கிற தண்ணியில வாசம் எறங்காது."

கண்ணிமைக்காமல் சொன்னாய். முதலாளிமார் குடித்தார்களோ என்னவோ, நீ அதுவரை எந்த முதலாளி வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. ஒரு மாதம் கழித்து உண்மையாகவே ஒரு எஸ்டேட் முதலாளி வேலையாக வந்தபோது, அதிகாரி பெருமையாக, "உங்க தண்ணிதான், சாப்பிடுங்க" என்று நீட்டினார். அவர் திருதிருவென்று விழித்தார். "இவுக இப்பத்த மொதலாளிங்கய்யா. நான் சொன்னது அந்தக் காலத்து மொதலாளிமாரு" என்றாயே. நான் தாளை எடுக்கிற சாக்கில் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

அதிகாரி குடிக்கிறார் என்றதும் எல்லாப் பிரிவுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும் என்றாகிவிட்டது. நேற்றுப் பிடித்த தண்ணீரைத் தொடமாட்டேன் என்றவர்கள், "இது நேத்தே ஊறினதுதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு குடித்தார்கள். அப்போதுதான் நீ அடுத்த பொய்யைச் சொன்னாய். செடியெல்லாம் காய்ந்து கிடக்கிறது, தோல் ஒரு பானைக்குத்தான் கிடைக்கும், ஆளுக்கொரு பானை என்றால் ஒன்றிலும் வாசம் வராது என்று. உன் மேசைக்கடியில் சாக்கு நிறையத் தோல் இருந்தது. நான் காலை நீட்டும்போதெல்லாம் அதில் இடித்துக்கொள்வேன்.

அப்படித்தான் முன் வராந்தாவில், மணல் பரப்பி, அந்தப் பெரிய மொடாப்பானை வந்து உட்கார்ந்தது. மற்றப் பானைகளைக் கவிழ்த்தோம். டிரம்களைப் பற்றி யாரிடமும் பேச வேண்டியே வரவில்லை. குடிப்பதே நேற்றைய தண்ணீர் என்றான பிறகு, கை கழுவ மட்டும் இன்றைய தண்ணீர் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கை கழுவிய தண்ணீர் வாளியில் சேர்ந்து கழிவறைக்குப் போனது. காலையில் தோட்டத்து மண் காய்ந்து கிடந்தது. மாயக்கா இறைப்பது பாதிக்கும் கீழே இறங்கியது. டீக்கடைப் பேச்சு பேசியவர்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள்.

பானை வராந்தாவில் இருந்ததில் ஒரு சங்கதி இருந்தது. அதை நீ திட்டமிட்டாயா என்று கேட்டால், "உள்ள எடம் எங்கடி இருக்கு?" என்பாய். வராந்தா வாசலில் இருக்கிறது. வாசலில் மலைக்காரர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் ஒரு எஸ்டேட்டுக்காரப் பெண் கீழே நின்று இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். நீ டம்ளரில் மொண்டு, அவள் கையில் ஊற்றாமல், டம்ளரையே அவள் கையில் வைத்தாய். அவள் பயந்து என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய், பல்லி ஏதும் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. அவள் குடித்தாள்.

அதே நேரம் அதிகாரி தன் அறையிலிருந்து டம்ளரோடு வெளியே வந்தார். இன்றோடு எல்லாம் போச்சு, பானையும் போச்சு, என் வேலையும் போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண் குடித்து முடிக்கும்வரை அவர் நின்றார். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நகர்ந்ததும் தனக்கு மொண்டுகொண்டார். அவளைப் பார்த்து, "எந்த எஸ்டேட்டும்மா? மேல மழை ஏதும் தெரியுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. என் உடம்பு மட்டும் சிலிர்த்து அடங்கியது. நான் கோயிலில் நின்றபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை என்று உன்னிடம் சொன்னேன். "வெயில்டி, மோர் குடி" என்றாய்.

மாயக்கா மட்டும் அந்தப் பானையில் குடிக்கவில்லை. கிணற்றடியிலேயே குடித்தாள். நீ அவளை அழைக்கவும் இல்லை. ஒருநாள் உச்சி வெயிலில், வாளித் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவளிடம், "ஏக்கா, இந்தத் தண்ணியில வாசம் போயிருச்சான்னு பாத்துச் சொல்லு. எனக்கு ரெண்டு நாளா மூக்கடைப்பு" என்றாய். அவள் வேறு வழியில்லாமல் குடித்தாள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "நல்லாத்தான் இருக்கு, ஆத்தா" என்றாள். அதற்குப் பிறகு அன்றாடம் வாசம் பார்ப்பது அவள் வேலையாகிவிட்டது.

தலைமை எழுத்தர்தான் கடைசிவரை கூஜாவை விடவில்லை. ஒருநாள் நாம் சாப்பிட்டுத் திரும்பியபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பானையில் மொண்டுகொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் முகத்தில் அசடு வழிந்தது. "வாசம் பரவாயில்ல" என்றார். "கொஞ்சம் கூட ஊறணுங்க" என்று நீ மரியாதையாகச் சொன்னாய். மறுநாள் கூஜா வரவில்லை.

சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கட்டடத்தை மூடுவதா வேண்டாமா என்று பார்த்து முடிவு செய்ய வந்தவர். நேராகக் கிணற்றடிக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனோம். அடியில் தண்ணீர் கிடந்தது. நிறைய இல்லை, ஆனால் வானம் தெரியும் அளவுக்குக் கிடந்தது. அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் வறண்டபோது இது மட்டும் எப்படி என்று கேட்டார். நம் அதிகாரி சொன்னார். வந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னும் மழை வர்ற வரைக்கும் தாங்கும்னு யார் சொல்றது?" என்றார்.

என் காதில் செல்வியின் அழுகை கேட்கிற மாதிரியே இருந்தது. அவர் தலையை ஆட்டினால் என் வேலை அந்தக் கிணற்றடியிலேயே முடிந்துவிடும்.

"நான் சொல்றேங்கய்யா, தாங்கும்" என்றாய்.

பின்வரிசையிலிருந்து, ஒரு டைப்பிஸ்ட். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். தாங்காவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. மாயக்கா ஒரு டம்ளர் ஏலத்தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன் நீட்டினாள். குடித்தார். "சரி, மழை வரைக்கும் பாப்போம்" என்று ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்காகவா இவ்வளவும் என்று கேட்டேன். "ஆமா, உனக்காக வேற வேலை இல்ல எனக்கு. கம்பத்துக்குப் பஸ் மாறி மாறிப் போற சோம்பேறித்தனம்டி" என்றாய். நான் நம்பினேன். சிலமலையிலிருந்து கம்பம் உனக்கும் தூரம்தானே.

ஆனி பிறந்ததும் மேற்கில் மேகம் கட்டியது. மலையில் பெய்த மழை நமக்கு ஒரு துளி விழாமலேயே கொட்டகுடி ஆற்றில் செந்தண்ணீராக இறங்கி வந்தது. நாலைந்து நாளில் நம் கிணறு ஊறியது. அன்று ஆபீசில் யாரும் வேலை பார்க்கவில்லை. அதிகாரியே கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு. மாயக்கா பூட்டைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். செல்வி புட்டியைப் பிடிக்காமலேயே வளர்ந்து, நேராகச் சோற்றுக்கு மாறினாள். நான் ஓய்வு பெறும்வரை வேலையில் இருந்தேன்.

இப்போது செல்வி ஒரு பெரிய அரசு அலுவலகத்தில் இருக்கிறாள். ஏதோ வேலையாக அவளைப் பார்க்கப் போனபோது ஒரு கூட்டம் முடிந்திருந்தது. நீளமான மேசை முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள், ஆளுக்கொன்று, ஒவ்வொன்றிலும் ரெண்டு வாய் குடித்த மிச்சம். ஒருவர் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். நேற்று என்பதுகூட இல்லை, ஒரு மணி நேரத்திலேயே பழந்தண்ணீர். சுவரில் நீர் சேமிப்பு என்று படம் மாட்டியிருந்தது. நீ பார்த்திருந்தால் என்ன பொய் சொல்லியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

நீ போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. துக்கம் கேட்க சிலமலைக்குப் போனேன். உன் வீட்டுக்காரர், வாத்தியார், முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எங்கோ ராமநாதபுரத்துப் பக்கம் வேலை பார்த்தார், நீ மாமியாரோடு இங்கே இருந்தாய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றிக் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். நான் அந்தப் பானைக் கதையைச் சொன்னேன். துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று பார்க்காமல் அவர் சிரித்தார். பிறகு சொன்னார்.

"அந்த வருசம் மாசியிலதான் எனக்குக் கம்பத்துக்கு மாத்தல் வந்துச்சும்மா. ரொம்ப வருசமா கேட்டு வாங்கினது. வீடுகூடப் பாத்து வச்சேன். கொல்லையில கிணறு, குனிஞ்சு கையால மோந்துக்கலாம், அம்புட்டுத் தண்ணி. ஒங்க ஆபீசும் கம்பத்துக்கே வருதுன்னதும் சாமியே கொண்டாந்து விட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. இவ என்னடான்னா ஆபீச வரவிடாமப் பண்ணிப்புட்டா."

ஏன் என்று கேட்டீர்களா என்றேன்.

"கேக்காம? 'நாம ரெண்டு பேரும் பெரியவுக, ஞாயித்துக்கிழமை பஸ்சு ஏறிப் பாத்துக்கிறலாம். அந்தப் பால் குடிக்கிற பிள்ள எந்தப் பஸ்சு ஏறும்'னா. அப்புறம் நான் ஒண்ணும் கேக்கலம்மா. இன்னும் நாலு வருசம் ஆச்சு நாங்க ஒரு வீட்டுல இருக்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து தெருவில் நின்றேன். எதிரே மலை. எத்தனை வருடம், எத்தனை சாயங்காலம், பக்கத்து மேசையில் உட்கார்ந்து என் தாள்களைத் தப்பும் தவறுமாக அடித்துக் கொடுத்தாய், ஒரு சொல், ஒரு முகச்சுளிப்பு இல்லாமல். உன் மலையளவு மனதை நான் சோம்பேறித்தனம் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். நீ அப்படி நம்பவைத்தாய். எவ்வளவு பெரிய பொய்க்காரி நீ.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது எனக்கு ஒரு நல்லது செய்தால், நன்றி சொல்வதற்கு முன்னால், "இதனால உனக்கு என்ன போச்சு?" என்று கேட்டுவிடுகிறேன். பலர் சிரிக்கிறார்கள், ஒன்றும் போகவில்லை என்கிறார்கள். எப்போதாவது ஒருவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறார். அவர் கையை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன், சீக்கிரத்தில் விடுவதில்லை.